ஆயன் உண்ணாத உருகல்

பனி பெய்யும் மாலைப்பொழுது. பெர்ன் நகரத்து வீடொன்றில் மேசை. மேசையின் நடுவே சிற்றெரிவிளக்கு. அதன்மேல் தடித்த மண்சட்டி. சட்டிக்குள் வெண்தேறலோடு கலந்து உருகிக் குழைந்த பாலடைக்கட்டி. சுற்றிலும் அறுவர் அமர்ந்து, நீண்ட முள்கரண்டிகளில் உரொட்டித் துண்டுகளைக் குத்தி, அவ்வுருகலில் தோய்த்தெடுத்து உண்டு மகிழ்கின்றனர். பிரெஞ்சு மொழியில் 'உருக்கியது' என்னும் பொருள்பட இதற்குப் 'பொந்தூ' என்று பெயர். தமிழில் பாலடை உருகல் எனலாம். சுவிட்சர்லாந்தின் குளிர்காலத்தில் இவ்விருந்து நடவாத ஊரில்லை.

இம்மட்டில் குறைசொல்ல ஒன்றுமில்லை. குளிருக்கு வெம்மையும், பசிக்கு உணவும், தனிமைக்குத் துணையும் ஒரே சட்டியில் கிடைப்பது நல்லதே. ஆனால், விருந்தளிப்பவர் தம் முள்கரண்டியை உயர்த்திப் பிடித்து, "இஃது எம் மலைவாழ் ஆயர் பன்னூறு ஆண்டுகளாக உண்டுவந்த உணவு, பனியால் வழியடைபட்ட சிற்றூர்களில், காய்ந்துபோன உரொட்டியையும் எஞ்சிய பாலடைக்கட்டியையும் வீணாக்காமல் எம் முன்னோர் கண்ட வழி" என்று பெருமிதத்தோடு தொடங்குகிறாரே, அப்போதுதான் உருகலோடு பொய்யும் பரிமாறப்படுகிறது. சட்டி மெய், சட்டியைப் பற்றிய சொற்பொழிவு பொய். இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் விருந்தோம்பல் இன்னதென்று அறியாதவரே.

'ஓர் உணவைப் பற்றிய கட்டுக்கதைக்கு இத்தனை சினம் ஏன்?' என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். உண்ணாதவனை உண்டவனாக்கி, அவன் வறுமையை மறைத்து, அவன் உருவத்தையே விற்பனைப் பொட்டலத்தின்மேல் ஒட்டிய செயல் நகைப்புக்குரியதா என்பதை இறுதியில் அவர்களே சொல்லட்டும்.

சட்டியே சான்று

முதற்கண், வெளிச்சான்று எதனையும் தேடிப் போக வேண்டுவதில்லை. சட்டிக்குள் கிடப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாலே போதும்.

கிரூயேர் என்னும் பாலடைக்கட்டி இவ்வுருகலின் முகன்மையான உறுப்பு. ஏறத்தாழ 35 கிலோ எடையுள்ள ஒரு வட்டு செய்வதற்கு ஏறத்தாழ 400 இலிட்டர் பால் வேண்டும். கொழுப்பு நிறைந்த பால். திங்கள் கணக்கில் உப்பிட்டுத் துடைத்துத் திருப்பிப்போட்டுப் பேணும் உழைப்பு. இப்படி உருவான வட்டை மலையாயன் தன் சட்டியில் உருக்கி உண்டானா? இல்லை. அது பணம். மலையிலிருந்து இறங்கி வணிகர் கைக்குச் சென்றது. எல்லை கடந்து பிரான்சு நாட்டு இலியோன் நகரச் சந்தை வரை சென்றது. ஆயனுக்கு எஞ்சியது, கொழுப்பெடுத்த பாலும், பால்தெளிநீரும், அதைக் காய்ச்சித் திரட்டிய திரளையும், கூழுமே. பட்டு நெய்தவன் பட்டுடுத்தவில்லை. நெல் விளைத்தவன் கஞ்சி குடித்தான். உலகெங்கும் உழைப்பாளியின் வரலாறு ஒன்றே. ஆல்புசு மலை மட்டும் அதற்கு விலக்காகிவிடுமா?

அடுத்தது தேறல். கொடிமுந்திரி எங்கே விளைகிறது? பனிமூடிய மேய்ச்சல் மேட்டிலா? செனீவாப் பேரேரியின் கரையிலும், நொய்சாத்தெல் ஏரிக்கரையிலும், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவிலும் விளைகிறது. பனியால் அடைபட்ட மலைக்குடிலில் வெண்தேறல் குடங்குடமாக எப்படி வந்தது? கட்டுக்கதை சொல்வோர் இதற்கு விடை சொல்வதில்லை.

மூன்றாவது மக்காச்சோள மாவு. உருகல் பிரியாமல் வழுவழுப்பாக நிற்பதற்கு இதைச் சேர்க்கின்றனர். மக்காச்சோளமோ அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து ஐரோப்பாவிற்கு வந்த பயிர். அதன் நுண்மாவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சுவிட்சர்லாந்தின் அடுக்களைக்குள் நுழைந்தது. பன்னூறு ஆண்டு மரபு என்று சொல்லப்படுவதன் வழுவழுப்பே ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுப் பழமையதே!

ஆகவே, சட்டி தானே பேசுகிறது. அது மலைக்குடிலின் மொழியன்று. சமவெளி நகரத்தின் மொழி. மேற்குச் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு பேசும் பகுதியில், கையில் காசுள்ள நகரத்தார் வீட்டு உணவு இது.

ஏடுகளின் சான்று

இனி எழுதப்பட்ட சான்றுகள். பாலடைக்கட்டியைத் தேறலில் இட்டுக் காய்ச்சும் முறை 1699-ஆம் ஆண்டில் சூரிக்கு நகரத்துச் சமையற் குறிப்பொன்றில் காணப்படுகிறது. சூரிக்கு ஏரிக்கரை நகரம், மலைக்குடில் அன்று. குறிப்பெழுதக் கற்றவர் வீட்டு ஏடு. ஆயன் குடிலின் ஏடன்று.

'பொந்தூ' என்னும் பெயரோ அப்போது வேறோர் உணவைக் குறித்தது. 1735-இல் அச்சான பிரெஞ்சுச் சமையல் நூலிலும் சரி, 1825-இல் வெளிவந்த பிரியா-சவரேன் என்பாரின் புகழ்பெற்ற சுவைநூலிலும் சரி, இப்பெயரால் சுட்டப்படுவது முட்டையும் பாலடைக்கட்டியும் கலந்து கிளறிய உணவே. முட்டை நீங்கித் தேறலும் பாலடைக்கட்டியும் மட்டும் நிற்கும் இன்றைய உருகல், இப்பெயரோடு அச்சேறியது 1875-ஆம் ஆண்டளவில்தான். அப்போதே அதற்கு 'நாட்டு உணவு' என்னும் பட்டமும் சூட்டப்பட்டது. பட்டம் சூட்டியவர் நூலெழுதியவர். நாடு முழுதும் உண்டதாலன்று. செருமன் மொழி பேசும் கிழக்கிலும், இத்தாலிய மொழி பேசும் தெற்கிலும் அன்று இவ்வுருகல் எத்தனை வீட்டு மேசையில் இருந்தது? ஒரு மூலையின் உணவை முழு நாட்டின் உணவென்று எழுதுவது எழுதுகோலுக்கு எளிது, நாவுக்கு எளிதன்று.

நாவுக்கும் அதை எளிதாக்கியவர் யார்? அதுதான் அறியவேண்டுவது.

கட்டியவர் யார்?

1914-இல், முதல் உலகப்போரின் நெருக்கடியில், சுவிட்சர்லாந்தில் பாலடைக்கட்டி ஒன்றியம் என்னும் அமைப்பு தோன்றியது. பாலுக்கும் பாலடைக்கட்டிக்கும் விலை வரையறுத்தல், கொள்முதல் செய்தல், வெளிநாட்டுக்கு விற்றல் ஆகிய அனைத்தும் அதன் கைக்கு வந்தன. போர் முடிந்தது, ஒன்றியம் முடியவில்லை. 1999-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் அது நிலைத்தது. எம்மென்தால், கிரூயேர், சுபிரின்சு ஆகிய மூவகைப் பெருவட்டுகளையே அது முதன்மையாகப் போற்றியது.

1930-களில் உலகப் பொருளியல் சரிந்தது. வெளிநாட்டு விற்பனை சுருங்கியது. வட்டுகள் கிடங்குகளில் குவிந்தன. விற்காத வட்டை என்செய்வது? நாட்டு மக்களையே தின்னச் செய்வது! ஓர் ஆளுக்கு ஒரு வேளையில் 200 கிராம் பாலடைக்கட்டியைத் தின்னச்செய்யும் உணவு வேறெது? உருகலே. ஒன்றியம் அதைப் பற்றிக்கொண்டது. மேற்குப் பகுதியின் நகர உணவு, விளம்பரத்தால் நாட்டு உணவாயிற்று. அந்தந்த மாநிலத்துக்கென்று தனித்தனிச் செய்முறைகள் வகுத்தளிக்கப்பட்டன. அவற்றுள் பல அம்மாநிலத்தார் முன்பின் கேட்டறியாதவை. தம் பாட்டியின் கைப்பக்குவம் இன்னதென்பதை விற்பனை அலுவலகத்தின் துண்டறிக்கையைப் பார்த்து மக்கள் அறிந்துகொண்டனர். என்னே புதுமை!

இரண்டாம் உலகப்போரின் பங்கீட்டுக் கட்டுப்பாடு நீங்கியபின் முயற்சி இன்னும் முடுக்கப்பட்டது. படைப்பிரிவுகளுக்கும் விழா நடத்துவோர்க்கும் உருகற்சட்டியும் முள்கரண்டியும் அடங்கிய தொகுதிகள் அனுப்பப்பட்டன. படைப்பயிற்சிக்குச் சென்ற இளைஞன் வீடு திரும்பியபோது உருகல் உண்ணும் பழக்கத்தோடு திரும்பினான். 1964-இல் நியூயார்க்கு உலகக் கண்காட்சியில் சுவிட்சர்லாந்து அரங்கத்து உணவகம் அமெரிக்கர்க்கு இதை ஊட்டியது. 1981-இல், 'உருகல் நல்லது. உள்ளத்துக்குக் களிப்புத் தருவது' என்னும் பொருளுடைய செருமானிய வட்டார வழக்கு முழக்கமொன்று, சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பிகுகெகல்' என்று சுருக்கப்பட்டு நாடெங்கும் ஒலித்தது. இன்றும் சிறுவர் முதல் கிழவர் வரை அறிந்த சொல் அது. அது மலைப்பாட்டா? நாட்டுப் பழமொழியா? இல்லை, பாலடைக்கட்டி விற்றவர் காசு கொடுத்துச் செய்வித்த விளம்பரம்!

'நாட்டைக் காக்கவன்றோ?'

இங்கே எதிர்வழக்காடுவோர் ஒரு படி முன்வருவர். 'அன்றைய நெருக்கடியை எண்ணிப் பாருங்கள். 1938-இல் இட்லரின் செருமனி ஆசுத்திரியாவை விழுங்கிற்று. தெற்கே இத்தாலி. நான்கு மொழி பேசும் சிறுநாடு சிதறாதிருக்க ஒரு பொதுச் சின்னம் வேண்டியிருந்தது. ஒரே சட்டியைச் சுற்றி எல்லாரும் அமர்வது ஒற்றுமைக்கு வழியன்றோ?' என்பர்.

நெருக்கடி மெய்யே, மறுப்பாரில்லை. 1938 திசம்பரில் கூட்டாட்சி அரசு 'உளவழிக் காப்பு' என்னும் கொள்கையை நாட்டுக்கு அறிவித்ததும் மெய்யே. படைக்கலத்தால் மட்டுமன்றிப் பண்பாட்டாலும் நாட்டைக் காக்கவேண்டும் என்பது அதன் கருத்து. உருகல் விளம்பரமும் அக்கொடியின் கீழேயே தன்னை நிறுத்திக்கொண்டது.

ஆனால் அதே ஆண்டில், அதே நெருக்கடியில், அதே நாடு செய்த மற்றொரு செயலை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. 1938 பிப்பிரவரி 20-ஆம் நாள், கிரௌபுண்டன் மலைப் பள்ளத்தாக்குகளில் வழங்கும் உரோமாஞ்சு மொழியை நாட்டின் நான்காம் மொழியாக ஏற்பதா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. அம்மொழியைப் பேசினோர் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவே. 'அது தனிமொழியன்று, இத்தாலியத்தின் கிளையே' என்று தெற்கேயிருந்து உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தனர். வாக்களித்த ஆடவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவருக்கு மேற்பட்டோர் 'ஏற்போம்' என்றனர். (பெண்டிர்க்கு அந்நாட்டின் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971-இல்தான் என்பதையும் மறக்கலாகாது.)

இதுவன்றோ காப்பு! உள்ளதை உள்ளதென்று ஒப்புக்கொண்டது அது. மலைமக்கள் மெய்யாகவே பேசிய மொழியை, மலைமக்களின் உரிமை என்று சமவெளியார் கைதூக்கி ஏற்றனர். அதில் புனைந்துரை இல்லை. விற்பனைச் சரக்கு இல்லை. உருகல் விளம்பரமோ இல்லாததை உள்ளதென்று சொல்லிற்று. மலைமகனின் மொழியை ஏற்றது காப்பு. மலைமகனின் பெயரைச் சொல்லிச் சரக்கு விற்றது வணிகம். இரண்டையும் ஒரே கொடியின்கீழ் நிறுத்துவது, காவலனையும் கடைக்காரனையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பரிசளிப்பதாகும். ஒரு நாட்டைப் பொய்யால் ஒட்டவைக்கலாம். ஆனால் பொய் வெளிப்படும் நாளில் ஒட்டு விடும். மெய்யால் ஒட்டியது விடாது.

விளைந்த கேடு யாது?

'இனிய பொய்யால் யாருக்கு என்ன கேடு?' என்பது கடைசி அரண். அதையும் இடித்துக் காட்டுவோம்.

முதற்கேடு, ஆயனுக்கு. கொம்பூதும் ஆயன், மணிகட்டிய மாடு, மரக்குடில், பனிமுகடு: இவையே பாலடைக்கட்டிப் பொட்டலங்களின் மேலட்டை. அந்த ஓவியத்தைக் கண்டவர் 'ஆயன் என்றும் வயிறார உண்டு மகிழ்ந்திருந்தான்' என்றே எண்ணுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமையால் அம்மலைச் சிற்றூர்களை விட்டுப் பல்லாயிரவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கப்பலேறினரே, அவர் நினைவு எங்கே போயிற்று? உருகலுக்குள் கரைந்து போயிற்று. முன்னோரைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே முன்னோரின் பசியை அழித்துவிட்டனர். இறந்தவனுக்குச் செய்யும் தீங்குகளுள் இதனினும் பெரிது வேறில்லை.

இரண்டாங்கேடு, பாலடைக்கட்டி செய்வோருக்கு. இன்ன வகையே செய், இவ்வளவே செய், இந்த விலைக்கே கொடு என்னும் கட்டுக்குள் அவர்தம் கைத்திறன் அடைபட்டுக் கிடந்தது. விற்பனைச் சுமையோ பொதுமக்களின் வரிப்பணத்தின்மேல் விழுந்தது. 1999-இல் அக்கட்டு அவிழ்ந்தபின், பற்பல சிற்றூர்களில் புதுவகைப் பாலடைக்கட்டிகள் பிறந்தன. கட்டு நீங்கியதும் கிளைத்த கலை, கட்டு இருந்தபோது எத்தனை ஆண்டு வாடியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றியத்தால் உழவனுக்கு உறுதியான பால்விலை கிடைத்தது என்பதும் உண்மையே. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் உழவனுக்கு விலை கொடுப்பதற்கு ஆயன்மேல் பொய் சொல்லவேண்டிய தேவை இல்லை.

மூன்றாங்கேடு, விருந்தினருக்கு. 'இது நாட்டு உணவு' என்று சொல்லிவிட்டால், உண்ணாதவன் நாட்டான் அல்லன் என்று பொருளாகிறது. தேறல் அருந்தாதவரும், பால் செரியாதவரும், மரக்கறி உண்போரும் மேசையின் ஓரத்தில் குற்றவாளிகளைப் போல் அமர்ந்திருக்க நேர்கிறது. உணவு, தேர்வுத்தாள் ஆகிவிடுகிறது. உண்டவன் தேறினான்; உண்ணாதவன் தோற்றான். இதற்குப் பெயர் விருந்தோம்பலா?

மெய்யான விருந்து

அப்படியாயின் சட்டியை உடைத்தெறிய வேண்டுமோ? வேண்டா. பொய்யைக் களைந்தபின் சட்டியில் எஞ்சுவது சிறிதன்று. ஏவலர் இல்லை, முதற்பந்தி, கடைப்பந்தி இல்லை, பெரியவனுக்கு மேற்பங்கு, சிறியவனுக்கு அடிப்பங்கு என்பதில்லை. விருந்தளிப்பவள் அடுக்களையில் வெந்துகொண்டிருக்க, விருந்தினர் கூடத்தில் உண்ணும் கொடுமை இல்லை. அவளும் உடனமர்ந்து உண்கிறாள். விரைந்துண்டு எழுந்துபோகவும் இயலாது. ஒவ்வொரு துண்டாகத் தோய்த்து, பேசிப் பேசி உண்டாக வேண்டும். சட்டியின் அடியில் பொன்னிறமாய்ப் பிடித்த காந்தலை இறுதியில் சுரண்டி எல்லாரும் பகிர்ந்து கொள்கின்றனர். இவ்வளவு நன்மையுள்ள ஒன்றுக்குப் பொய்ப்பிறப்புச் சான்றிதழ் எதற்கு?

மெய்யாக விருந்தளிக்க விரும்புவோர் செய்யவேண்டுவன சில உள. கடையில் விற்கும் ஆயத்தக் கலவைப் பையைக் கத்தரித்துச் சட்டியிலூற்றி, 'முன்னோர் முறை' என்று சொல்லிக்கொள்வது இருமடிப் பொய். ஆளுக்கு 200 கிராம் வரை பாலடைக்கட்டியைத் தாமே சீவியெடுப்பதற்கு எவ்வளவு நேரமாகும்? கிரூயேரும் பிரிபூர் மாநிலத்து வாசெரேனும் சரிபாதியாகக் கலப்பது பெயர்பெற்ற முறை. சட்டியின் உட்புறத்தில் பூண்டைத் தேய்த்து, மெல்லிய சூட்டில், கொதிக்க விடாமல், எட்டு என்னும் எண்வடிவில் துழாவுதல் வேண்டும். உரொட்டி முதல்நாள் சுட்டதாய், மேற்தோல் விடாமல் துண்டாக்கியதாய் இருத்தல் வேண்டும். புத்துரொட்டி உருகலில் உதிர்ந்துவிடும்.

தேறலின்றி உருகல் ஆகாது என்பாருக்கும் விடையுண்டு. தேறலின் வேலை போதையன்று, புளிப்பே. அப்புளிப்பு, பாலடைக்கட்டியின் புரதத்தைப் பிணைத்திருக்கும் சுண்ணத்தைப் பற்றிக்கொள்கிறது. பிணைப்புத் தளரவே, புரதம் கட்டியாய்த் திரளாமல் கொழுப்பையும் நீரையும் ஏந்தி நிற்கிறது. எலுமிச்சைச் சாறு கலந்த நீரும் சிறிது மாவும் அவ்வேலையைச் செய்யும். பிரிபூர் மாநிலத்திலேயே, வாசெரேன் மட்டும் கொண்டு செய்யும் உருகல் தேறலின்றி வெந்நீரில்தான் செய்யப்படுகிறது! உருகலின் பிறந்தகத்திலேயே தேறல் கட்டாயமன்று என்றால், அதை மறுக்கும் விருந்தினனை வற்புறுத்த எவருக்கு உரிமை?

'தேறலும் சேலாப்பழச் சாராயமும் குடித்தால் செரிக்கும்' என்பதும் வழிவழி வந்த நம்பிக்கை. 2010-இல் சூரிக்கு ஆய்வாளர் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தகர்த்தது. உருகலோடு தேறல் அருந்தியோரின் இரைப்பை, கருந்தேநீர் அருந்தியோரின் இரைப்பையைவிட மெதுவாகவே ஒழிந்தது. சாராயமோ அதை இன்னும் தாழ்த்தியது. செரிக்கவென்று குடித்தது செரிப்பைத் தள்ளிப்போட்டது!

இன்னும் மூன்று. கிரூயேர் முதலியவற்றுக்குப் பால் உறையச் சேர்ப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள்; மரக்கறி உண்ணும் விருந்தினரிடம் இதை மறைப்பது வஞ்சகம். உரொட்டித் துண்டைச் சட்டியில் தவறவிட்டவர் தேறல் வாங்கித் தரவேண்டும், பக்கத்திலிருப்பவரை முத்தமிட வேண்டும் என்னும் விளையாட்டு ஒறுப்புகள், விரும்பாதவர்மேல் சுமத்தப்படும்போது விளையாட்டாகா, இழிவாகும். எரிந்துகொண்டிருக்கும் அல்லது சூடாறாத விளக்கில் எரிசாராயம் ஊற்றுவது கொடுந்தீப்புண்ணுக்கு வழி. விளக்கை அணைத்து, முற்றும் ஆறவிட்டே நிரப்பல் வேண்டும். முன்னோர் பெருமை பேசுவதைவிட, வந்தவர் மேனியில் தீப்படாமல் காப்பது முந்திய கடமை.

தமிழர் மேசை

இதில் தமிழர்க்கும் ஒரு பங்குண்டு. 1983-ஆம் ஆண்டுக் கொடுமைக்குப் பின், ஈழத்தமிழர் பல்லாயிரவர் சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தனர். அந்நாட்டு உணவகங்களின் அடுக்களைகளில் ஏனம் கழுவினோராயும், பின்னர்ச் சமைப்போராயும் உழைத்தோர் அவருள் பலர். மேசையில் அமர்ந்தவர் மலையாயனைப் பற்றிப் பேசி மகிழ, அடுக்களையில் பாலடைக்கட்டி சீவியதும், காந்தல் பிடித்த சட்டியைத் தேய்த்ததும் தமிழர் கை! மலையில் செய்தவன் உண்ணவில்லை. அடுக்களையில் சமைத்தவனும் மேசைக்கு அழைக்கப்படவில்லை. கட்டுக்கதை அன்றும் இன்றும் மறைப்பது இவ்வுழைப்பையே.

அத்தமிழரின் மக்கள் இன்று அந்நாட்டில் வளர்ந்து, அண்டை வீட்டாரைத் தம் வீட்டு மேசைக்கு அழைக்கின்றனர், சட்டியும் வைக்கின்றனர். நன்று. ஆனால், 'எச்சிற் சட்டி' என்று முகஞ்சுளித்து ஒதுங்குவதும் பிழை. 'நாங்களும் மலைநாட்டாரே' என்று கற்ற பொய்யை ஒப்பிப்பதும் பிழை. எச்சில் படாதிருக்க, தோய்த்த துண்டைத் தட்டிலிட்டு வேறு முள்கரண்டியால் உண்ணும் நன்முறை உண்டு. பொய் படாதிருக்கத்தான் துணிவு வேண்டும்.

அத்துணிவுக்குத் தமிழே வழிகாட்டும். 'விருந்து' என்னும் சொல்லுக்குத் தமிழில் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் நூல்வனப்பு எட்டனுள் ஒன்றாகப் புதிதாய் யாக்கப்படும் செய்யுளை 'விருந்து' என்றே குறிக்கிறார். புதிதாக வந்தவர் விருந்தினர். அவர்க்குப் படைப்பது விருந்து. தமிழர் விருந்துக்குப் பழமை தேடவில்லை. வந்தவர் புதியர் என்பதே அதற்குப் போதிய பெருமை. உருகலுக்குப் பழமை புனைந்து பெருமை தேடியோர் இவ்வொரு சொல்லின் பொருளை அறிந்திருந்தால், அப்பொய்க்கே தேவை நேர்ந்திராது.

ஆகவே, பெர்ன் நகரத்திலாயினும் சூரிக்கிலாயினும், மேசையில் சட்டி வைப்போர் மெய்யைச் சொல்லி வைக்கட்டும். 'இது நகரத்தார் உணவு. விற்பனைக்காக நாடெங்கும் பரப்பப்பட்டது. இதைச் செய்த ஆயன் இதை உண்டானில்லை. ஆயினும் இன்று எல்லாரும் சேர்ந்துண்ண நன்றாக இருக்கிறது. வாருங்கள்' என்று சொல்லட்டும். அச்சொல்லால் உருகல் திரிந்துவிடாது; சுவை குன்றாது. நூறாண்டு கழித்தேனும் அவ்வாயனுக்கும் அந்த மேசையில் ஓரிடம் கிடைக்கும். உண்ணாதவனை உண்டான் என்று சொல்லி உண்பது இழிவு; உண்ணாதவனை நினைந்து, உடனிருப்பவரோடு பகிர்ந்து உண்பதே விருந்து!